ஆடி வீதியில் ஒரு சுற்று

"சாக்ஸா? அம்மனைப் பார்க்கப் போறவன் காலுல சாக்ஸா? நான் என்ன புட்பால் ஆடவா போறேன்?"

கிழக்கு வாசல் செருப்பு ஸ்டாண்டில் நின்று பத்ரிநாத் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. மருமகள் வித்யாஸ்ரீயின் கையில் ஒரு புதுச் சாக்ஸ் ஜோடி, அட்டைகூடப் பிரிக்காமல் தொங்கியது.

"அக்னி நட்சத்திரம், மாமா. உள்ள கல்லு கொதிக்கும். நாங்களும் போட்டிருக்கோம், பாருங்க" என்றாள் தணிந்த குரலில், வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில்.

"தமிழ்லயே சொல்லும்மா. ஊரே கேக்கட்டும்! காலையில பட்டு ஜிப்பா வேண்டாம், வேர்க்கும்னே. காட்டன் சட்டை மாட்டுனேன். தொப்பின்னே. வச்சுக்கிட்டேன். குடைன்னே. இந்தா, கக்கத்துல இருக்கு. இப்பக் காலுக்கு வந்துட்டியா? அடுத்து என்ன, பவுடர் போட்டு இடுப்புல தூக்கி வச்சுக்குவியா?"

ஸ்டாண்டுக்கார மலையம்மாள் டோக்கனை நீட்டினாள். "ஐயா, நேத்து ஒருத்தர் இப்படித்தான், மிலிட்டரில இருந்தவன்னு சொல்லிட்டு உள்ள போனாரு. வரும்போது பரதநாட்டியம் ஆடிக்கிட்டே வந்தாரு."

"நான் டிரில் மாஸ்டர்மா. முப்பது வருஷம் இதே வெயில்ல, இதே ஊர்ல, வெறுங்காலோட ஓடினவன்."

மகன் ஸ்ரீநாத் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அம்மா போய் வருடம் திரும்பிவிட்டது. பழங்காநத்தம் வீட்டைப் பூட்டி, அப்பாவைப் பெங்களூருக்குக் கூட்டிப் போக வந்திருக்கிறான். அவனுடைய வீடு பதினாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு பதினாலாவது மாடி. நினைத்தாலே பத்ரிநாத்துக்கு மூச்சு முட்டியது.

"இதுக்குத்தான்பா சொல்றேன், நீங்க தனியா இருக்க முடியாது. போன வாரம் காளவாசல்ல இருந்து ஒத்தைச் செருப்போட வீடு வந்து சேந்தீங்க. இன்னொண்ணு கழண்டதே தெரியல. எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் குனிஞ்சு பார்த்தீங்க. இம்புட்டு மறதியை வச்சுக்கிட்டு, நாளைக்கு கேஸை அணைக்காமத் தூங்கிட்டா?"

"மறதியா? எனக்கா? எந்த வருஷம் எந்தப் பய ரிலே ஓட்டத்துல கட்டையைக் கீழ போட்டான்னு வரிசையாச் சொல்லவா? ஒத்தைச் செருப்பு கழண்டதுக்கு என்னைய வீட்டை விட்டே கழட்டப் பாக்குற! எவன் குடுத்த யோசனைடா இது?"

ஸ்ரீநாத் சாக்ஸை வாங்கி அட்டையைப் பிரித்தான். அது அவருக்கு இன்னும் கொதிப்பைக் கிளப்பியது.

"கேட்டுக்க. ஆடி வீதியை ஒரு சுத்து சுத்தி வாரேன். வெறுங்கால். உள்ள போட்டிருக்கிற விரிப்பை மிதிக்க மாட்டேன். குதிக்காம, நொண்டாம வந்துட்டா, இனிமே பெங்களூருங்கிற பேச்சையே எடுக்கக் கூடாது."

"குதிச்சா?"

"குதிச்சா இன்னைக்கே பெட்டியைக் கட்டுறேன்."

கோயில் மதிலுக்குள்ளே வானம் பார்த்துக் கிடந்த ஆடி வீதி வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. நடப்பவர்களுக்கு நார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஜனம் அதன் மேலேயே அரக்கப் பரக்கப் போனது. பத்ரிநாத் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் கல்லில் இறங்கினார்.

நிமிர்ந்த நெஞ்சு. ஒரே அளவான எட்டு. விரிப்பில் இடமில்லாமல் கல்லில் கால் வைத்த ஓர் இளவட்டம், "ஆத்தாடி!" என்று துள்ளி, தன் நண்பன் மேலேயே விழுந்தான்.

"சோறு திங்கிறியா, பஞ்சு திங்கிறியா?" என்று கேட்டுவிட்டு அவனைத் தாண்டிப் போனார். கல் அப்படியொன்றும் சுடவில்லை. எல்லாம் நடிப்பு. செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன கால்கள்.

விரிப்பின் மேல் கூடவே வந்த ஸ்ரீநாத், பாதி வழியில் கெஞ்ச ஆரம்பித்தான். "அப்பா, போதும்பா. இதுல வாங்க."

"தோத்துட்டேன்னு சொல்லு, வாரேன்."

அவன் சொல்லவில்லை. அவரும் வரவில்லை. முழுச் சுற்றும் முடித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து, மடித்த வேட்டியை இறக்கிவிட்டு மண்டபத்து நிழலில் படியில் உட்கார்ந்தார். குதிக்கவில்லை. நொண்டவில்லை. முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

ஸ்ரீநாத் தலையைக் குனிந்துகொண்டான். "சரிப்பா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நீங்க இங்கயே இருங்க. இனிமே கூப்பிட மாட்டேன்."

ஜெயித்தும் பத்ரிநாத்துக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "மறதியாம்ல, மறதி! கல்லு குளுகுளுன்னு கிடக்கு. அதுக்குச் சாக்ஸு, குடை, தொப்பி! மனுசனைப் பொம்மை மாதிரிச் சோடிக்கிறாங்க. நாளைக்குச் சாப்பாட்டை ஊட்டிவிட வருவீங்கடா!"

வித்யாஸ்ரீ வந்து அவர் காலடியில் மண்டியிட்டாள். மன்னிப்பா, ஆசீர்வாதமா? எதுவானால் என்ன என்று அவள் தலைமேல் கை வைத்தார். "நல்லா இரும்மா."

அவள் எழுந்திருக்கவில்லை. ஸ்ரீநாத், அப்பா நடந்து வந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியாக அவர் வைத்த எட்டுகள் எல்லாம் ஈரத் தடங்களாக இருந்தன.

"மாமா..." அவள் குரல் வீட்டு மொழியில் உடைந்து வந்தது. "கொப்புளமெல்லாம் உடைஞ்சு பாதத்துல தோலே இல்ல. நான் இப்ப ஒரு காலை அழுத்திப் பிடிச்சிருக்கேன். தெரியுதா?"

மடியில் பரந்து கிடந்த வேட்டி அவர் காலையும் அவள் கையையும் மறைத்தது. பத்ரிநாத் குனிந்து பார்த்தார். காலையிலிருந்து முதல்முறையாக அவர் குரலும் வீட்டு மொழிக்கு இறங்கியது.

"எந்தக் காலை?"