லால் பாஷா பிடித்த யானை

ஓசூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த லால் பாஷாவின் படங்களில் கல்யாண மாப்பிள்ளைக்கே தலை இருக்காது. அப்பேர்ப்பட்டவர் யானையைப் படம்பிடிக்கச் சானமாவுக் காட்டுக்குப் போனார். காலை வெயிலில் கேமராவை நிறுத்தும்போதே முதுகுக்குப் பின்னால் பிளிறல். பொத்தானை அமுக்காமலே ஓடிப்போய் கேமராவுக்கு எதிரே இருந்த மரத்தில் ஏறிக்கொண்டார்.

யானை போனதும் ஊர் திரும்பி, பிலிமைக் கழுவிப் பார்த்தால் படம் விழுந்திருந்தது. தும்பிக்கை முதல் வால்வரை முழு யானை. பின்னால் மரத்தில் லால் பாஷா, தலையோடு!

"ஏங்க, நீங்க மரத்துல இருக்கீங்க. அப்ப எடுத்தது யாரு?" என்றாள் மனைவி முனவர் பேகம்.

படத்தின் அடியில் கேமராவின் நிழல் விழுந்திருந்தது. அதற்குப் பின்னால் கருப்புத் துணிக்குள் யாரோ குனிந்திருந்த நிழல்.

"இந்தக் கூன் முதுகு உங்களுதுதாங்க!" என்றாள் முனவர்.

மறுநாள் ஸ்டூடியோ வாசலில் ஓசூரே திரண்டது. 'எடுத்தவர்: லால் பாஷா' என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதிப் படத்தை மாட்டியிருந்தார். கடை திறக்கும்போதெல்லாம் அந்த நிழலுக்கு ஒரு சலாமும் வைத்தார்.