கெட்டுப்போன சம்பல்

"கூட்டு இன்னியோட முடிஞ்சதுக்கா" என்று சொல்லிக்கொண்டேதான் ரஹீமா தேவகி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். கையில் பிரிக்காத கூரியர் பெட்டி ஒன்று.

"முதல்ல உக்காரு. தண்ணி குடி" என்றாள் தேவகி.

"தண்ணியெல்லாம் வேணாம்லா. லைவ் போட்டு நாலு பேருக்குச் சொல்லிட்டுப் போயிடறேன்."

மலேசியாவின் கோலா கெடா ஊர் ரஹீமாவின் கருவாடும் பெண்டாங் ஊர் தேவகியின் மிளகாய்ச் சம்பலும் ஒரே பெட்டியில் ஆன்லைனில் விற்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. இருவரும் அறிமுகமானது மனோகரன் சார் நடத்திய இலவச வகுப்பில். ஆன்லைனில் கூட்டு வியாபாரம் ஜெயிக்க அவர் வண்டி வண்டியாக வழி சொன்னார். இவர்கள் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அவரவர் சரக்கை அவரவர் புகழக்கூடாது.

அதனால் லைவில் கருவாட்டைப் பிரித்துக் காட்டுவது எப்போதும் தேவகி. சம்பல் பாட்டிலைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்ப்பது ரஹீமா. "எங்க அக்கா சம்பலு!" என்று அவள் கண்ணை மூடுகிற அழகுக்கே ஆர்டர் குவியும்.

ஆர்டரும் புகாரும் தேவகியின் போனுக்குத்தான் வரும். போன வாரம் செர்டாங்கிலிருந்து அழகம்மா என்ற வாடிக்கையாளர் கூப்பிட்டார். புதுச் சரக்கில் முதல் பெட்டி அவருக்குத்தான் போயிருந்தது.

பேசி முடித்த கையோடு தேவகி தனியாக லைவில் வந்தாள்.

"இந்தத் தடவை என் சம்பல் கெட்டுப்போச்சுங்க. பெட்டியைப் பிரிக்காதீங்க. அப்படியே என் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிடுங்க. காசு நான் தந்துடறேன்."

அவ்வளவுதான், கமெண்டில் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். 'சுத்தம் இல்லாதவங்களுக்கு எதுக்கு வியாபாரம்?' என்று ஒருவர். 'பாவம் அந்தக் கருவாட்டு அக்கா, இவங்களோட சேர்ந்து கெட்டுப்போறாங்க' என்று இன்னொருவர். தேவகி எதற்கும் பதில் போடவில்லை.

பெட்டிகள் தேவகி வீட்டுக்குத் திரும்பி வந்தன. ஒன்று மட்டும் வழி தவறி ரஹீமா வீட்டு வாசலில் இறங்கிவிட்டது. அதைத்தான் அவள் இப்போது தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"மனோகரன் சார் சொல்றாரு, தப்பு யாருதுன்னு கேமரா முன்னால காட்டிட்டு விலகிடணுமாம். இல்லாட்டி என் பேரும் சேர்ந்து போயிடுமாம்."

"சரியாத்தான் சொல்றாரு."

"என்னக்கா சரி? கோபமாச்சும் படுங்க. ஏன் கெட்டுச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? உங்க வீட்ல அண்ணனுக்கு மில்லு சம்பளம் வருது. எங்க வீட்ல அவருக்கு ஆபரேஷன் முடிஞ்சு இன்னும் படகு ஏற முடியல. கருவாட்டை விட்டா எனக்கு வேற என்னக்கா இருக்கு?"

"தெரியும்லா."

"தெரிஞ்சுமா இப்படி ஏனோதானோன்னு செஞ்சீங்க?"

ரஹீமாவுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். கணவன் ஈசா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளுக்குத் தினமும் சோறு கட்டிக்கொண்டு வந்தவள் இந்தத் தேவகிதான்.

தேவகி பெட்டியைப் பார்த்தாள். "சரி, லைவ் போடு. பாட்டிலை மட்டும் எடுத்துக் காட்டு. பெட்டி அங்கேயே இருக்கட்டும்."

மைலோ டின்னில் போனைச் சாய்த்து வைத்தாள் ரஹீமா. முதல் ஆளாக மனோகரன் சார் வந்து கட்டைவிரலை உயர்த்தினார். மற்றவர்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். அந்தக் கெட்டுப்போன சம்பல் இதுதான். நீங்களே பாருங்க."

திறந்தாள். முகர்ந்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி முகர்ந்தாள். பழக்க தோஷம், விரல் தானாகப் போய்த் தொட்டது, நாக்குக்கும் போய்விட்டது.

"அக்கா, இது நல்லாத்தான்லா இருக்கு?"

தேவகியின் பார்வை பெட்டிக்குப் போனது.

'அப்போ என்னதான் கெட்டுச்சு?' என்று யாரோ கமெண்டில் கேட்டார்கள்.

ரஹீமா பெட்டிக்குள் பார்த்தாள். அடியில் கருவாட்டுப் பாக்கெட் கிடந்தது. இத்தனை நாளில் லைவில் அதை அவள் பிரித்ததே இல்லை, அது தேவகியின் வேலை. எடுத்து ஓரத்தைக் கிழித்தாள். வாடை குப்பென்று ஏறியது. மீன் முழுக்க வெள்ளையாகப் பூசணம்.

அதை அவள் கேமரா முன் தூக்குவதற்குள் தேவகியின் கை பாய்ந்து போனைக் கவிழ்த்தது. லைவை நிறுத்தினாள்.

"அக்கா..."

"செர்டாங் அழகம்மா போன்ல சொன்னது இதைத்தான்லா. ஈசா அண்ணன் ஆஸ்பத்திரில இருந்தப்போ உன் நாத்தனார் காயப்போட்டு, பாக்கெட் கட்டினது. அந்த வாரம் பூரா மழைலா. ராப்பகலா அவர் பக்கத்துல கிடந்த உனக்கு என்ன தெரியும்?"

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ இருந்த இருப்புல இதையும் சொல்லணுமா? சம்பல் கெட்டுச்சுன்னா திட்டிட்டு அடுத்த மாசம் மறந்துடுவாங்க. கருவாடு கெட்டுச்சுன்னா உனக்கு வேற என்ன இருக்கு? பாட்டிலை மூடு. கூட்டு முடிஞ்சதுன்னு சொல்லிட்டுக் கிளம்பு."

ரஹீமா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து மறுபடி மைலோ டின்னில் சாய்த்தாள். தேவகி தடுக்க வந்த கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். லைவை அழுத்தினாள்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும், என் சரக்கை நானே பிரிச்சுக் காட்டறேன்" என்றாள்.