டாக்டரம்மாவின் பசி

மாஞ்சா நூலில் சிக்கி விழுந்த பருந்துக்கு இறக்கை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. டாக்டர் எழிலரசி எலும்புக்குள் கம்பி வைத்துச் சேர்த்தார். எலும்பு கூடியதும் கம்பியை உருவி எடுத்தார்.

தினமும் கூண்டுக்குள் கோழிக்கறி நீட்டுவதும் அவர்தான். ஆரம்பத்தில் பருந்து அவர் கையைக் கொத்திக் கிழித்தது. பிறகுதான் ஒரு விஷயம் அதன் கண்ணில் பட்டது.

“அந்தம்மா தனக்குன்னு ஒரு துண்டுகூட எடுக்கறதில்ல. மொத்தத்தையும் எனக்கே குடுத்துடறாங்க” என்று பக்கத்துக் கூண்டு ஆந்தையிடம் சொன்னது.

“அவங்க வேற ஏதாவது சாப்பிடுவாங்க.”

“அந்த நகத்தை வெச்சுக்கிட்டு எதைப் பிடிப்பாங்க, பாவம். நான் பறந்தா முதல் எலி அவங்களுக்குத்தான்.”

“முதல்ல பற, பார்க்கலாம்” என்றது ஆந்தை.

திறந்துவிட்ட அன்று பருந்து தடுமாறி மதில்மேல் உட்கார்ந்தது. பிறகு காற்றைப் பிடித்து மேலேறி மறைந்தது. எழிலரசி வெகுநேரம் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பறந்தால் மட்டும் போதாது, வேட்டையாட முடியாத பருந்து பட்டினியில் செத்துப்போகும் என்று அவருக்குத் தெரியும்.

சில நாள் கழித்து, அவருடைய ஸ்கூட்டர் சீட்டில் ஒரு கொழுத்த எலி செத்துக் கிடந்தது. அதன் முதுகில் நகம் பதிந்த தடம். அண்ணாந்து பார்த்தார். இரண்டு இறக்கையையும் சமமாக விரித்து ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. எழிலரசி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பருந்து ஆந்தையின் கூண்டுமேல் வந்து இறங்கியது.

“பாத்தியா, எலியைக் கண்டதும் அழுதுட்டாங்க. எத்தனை நாள் பசியோ.”