இடது பக்கம் கம்மி

“இடது பக்கம் கம்மியா இருக்குல்ல, சார்?” என்று கேட்டார், ரெக்கார்டு ப்ளேயர் ரிப்பேர் பார்க்கும் ஊசி மாஸ்டர். மேஜை மேல் ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது.

“ஆமா, ஆமா. நல்லாவே தெரியுது” என்றார் பியானோ ட்யூனர். பச்சைப் பொய். அவருக்கு இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுபோலத்தான் கேட்டன.

வந்த வினையைப் பாருங்கள். பெல்ட் தளர்ந்துவிட்டது என்றுதான் போன மாதம் ரெக்கார்டைச் சுழற்றும் டர்ன்டேபிளைத் தூக்கிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தார். மாஸ்டர் பெல்ட்டை மாற்றி, ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டு, “பெல்ட் சரியாயிடுச்சு. ஆனா இடது பக்கம் கம்மி” என்று குண்டைத் தூக்கிப் போட்டார். ரெக்கார்டு சமாச்சாரத்தில் மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான், ஊரில் அதற்கு மறுபேச்சு கிடையாது.

ட்யூனரோ, எறும்பு தும்மினால்கூட அது எந்தச் சுரம் என்று சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். முப்பது வருஷமாக அந்தக் காதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. மாஸ்டருக்குக் கேட்கிற குறை தனக்குக் கேட்கவில்லை என்று வெளியே தெரிந்தால், எந்தப் பள்ளிக்கூடம் இனிமேல் பியானோவைத் தொட விடும்? மென்று விழுங்கி, தலையை ஆட்டிவைத்தார்.

அன்று ஆட்ட ஆரம்பித்த தலை நிற்கவே இல்லை. ஊசியைப் பிடித்திருக்கும் அந்தச் சின்ன டப்பா, கார்ட்ரிட்ஜ், அதைப் புதிதாக மாற்றினார்கள். “இன்னும் கம்மிதான், இல்ல சார்?” என்றார் மாஸ்டர். “கம்மிதான்” என்றார் இவர்.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “நல்லாத்தானே பாடுது? பூனை குட்டியைத் தூக்கிட்டு அலையற மாதிரி எதுக்கு இதைத் தூக்கிட்டு அலையறீங்க?”

“உனக்கென்னடி தெரியும்!” என்று எரிந்து விழுந்தார். இவளுக்கும் சேர்த்துக் காது போய்விட்டதோ என்று வேறு கவலை. அந்த வாரம் பள்ளிக்கூடப் பியானோவில் ஒரே கம்பியை முறுக்கினார், தளர்த்தினார், மறுபடி முறுக்கினார். கடைசியில் அது சேர்ந்ததா இல்லையா என்று அவருக்கே நிச்சயமில்லை.

இன்றைக்கு மூன்றாவது தடவையாகக் கடைக்கு வந்து நிற்கிறார்.

“கார்ட்ரிட்ஜ்லேர்ந்து வர்ற இடது கம்பியை வலதுலயும், வலதை இடதுலயும் மாத்திக் குடுத்துப் பாத்துட்டேன், சார். அப்பவும் அதே இடதுதான் கம்மி. ஸ்பீக்கரைக்கூட மாத்திப் பாத்தாச்சு” என்றார் மாஸ்டர். “இன்னும் ஒசத்தி கார்ட்ரிட்ஜா போட்டுப் பாக்கலாம். இல்லன்னா இந்த டர்ன்டேபிளையே தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம். உங்க காது என்ன சொல்லுது?”

காது என்ன சொல்லும்? இந்தப் பாழாய்ப்போன பிரச்சினைக்கு ஒரு முடிவு வந்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

“டேபிளையே மாத்திடலாம்” என்றார், மாஸ்டரின் இடப்பக்கம் நின்றபடி. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் திரும்பவே இல்லை. இன்னொரு தடவை உரக்கச் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். பெரிய ஆளாகிவிட்டால் இந்தத் திமிரும் கூடவே வந்துவிடும் போல என்று உள்ளுக்குள் பொருமினார் ட்யூனர்.

மாஸ்டர் அலமாரியிலிருந்து புத்தம்புது டர்ன்டேபிள் ஒன்றை இறக்கி, வயரை மாட்டி, அதே ரெக்கார்டைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் முகம் சுண்டிப்போயிற்று.

“சே! இதுலயும் இடது பக்கம் கம்மியா இருக்கே, சார். உங்களுக்கும் அப்படித்தானே?”

ட்யூனருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஒரு மாத எரிச்சலும் ஒன்றாகப் பொங்கிவிட்டது.

“எனக்கு ஒரு மண்ணும் தெரியல, மாஸ்டர்! இன்னிக்கு மட்டுமில்ல, மொத நாள்லேர்ந்தே தெரியல. ரெண்டு பக்கமும் சமமாத்தான் கேக்குது. மானம் போயிடுமேன்னு நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினேன். என் காது போச்சு, என் பொழப்பும் போச்சு. போதுமா?”

மாஸ்டர் அவரையே பார்த்தார். “சமமாவா கேக்குது? மொத நாள்லேர்ந்தா?”

“ஆமாங்கறேன்!”

மாஸ்டர் வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டார். குனிந்து, இடது காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்தார். பாட்டு உச்சஸ்தாயியில் அலறிக்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டி ஒலியை இன்னும் கூட்டினார். பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. பாட்டை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“உங்க காதுக்கு ஒரு குறையும் இல்ல, சார். எனக்குத்தான் என் காது மேல ஆரம்பத்துலயே சந்தேகம் வந்துச்சு. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட கேட்டுக்கிட்டேன்.”

ட்யூனர் அவருடைய இடது காதையே பார்த்தார்.

“நீங்களே ஆமான்னதாலதான் சார், நான் டாக்டர்கிட்ட போகல.”