கடல் கதவு

"அம்மா, அந்தப் புஸ்தகம் ஒங்களுக்கு எப்பிடிக் கெடச்சிது?"

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவைக் கிளப்பியதிலிருந்து தொண்டைக்குள்ளேயே அடக்கி வைத்திருந்த கேள்வியை, பரங்கிப்பேட்டைக்குள் நுழையும்போது பக்கிரி கேட்டே விட்டான். முன் கண்ணாடியில் அவன் பார்த்தது பின்சீட்டு அம்மாளை அல்ல, அவள் மடியில் கிடந்த நீல அட்டையைத்தான். 'மாலுமித் தாத்தா கதைகள்.' அதே அட்டை, அதே கப்பல் படம்.

"வீட்டுலயே இருந்தது தம்பி. இதுல வர்ற எடத்தையெல்லாம் ஒரு தடவ பாத்துடலாம்னு வந்தேன்."

அறுபது வயதிருக்கும். பெயர் பட்டம்மாள், ஊர் அண்ணாகிராமம் என்று ஏறும்போதே சொல்லியிருந்தாள்.

"எம் பொண்ணு சிந்துஜாவுக்கு இந்தப் புஸ்தகம்னா சோறு தண்ணி வேணாம். எனக்குப் படிப்பு கெடையாது. அதுதான் சத்தமா படிச்சிக் காட்டும். எனக்கு ஒரு கத விடாம மனப்பாடம்" என்றான் பக்கிரி. "மாலுமித் தாத்தா எங்க இருக்காருன்னு ஒங்களுக்குத் தெரியுமாம்மா? ரெண்டு வருஷமா தேடிக்கிட்டிருக்கேன். அவர ஒண்ணு கேக்கணும்."

"அந்தப் பேர்ல இப்ப யாரும் எழுதறதில்ல தம்பி" என்றாள் பட்டம்மாள்.

பக்கிரிக்கு முகம் விழுந்துவிட்டது. செத்துத்தான் போயிருப்பார். கேள்வி கேட்க நினைத்த ஆளும் இல்லையென்றால் அதை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று அவனுக்கு விளங்கவில்லை.

கலங்கரை விளக்கத்தின் அருகே இறக்கிவிட்டான். அவள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றாள்.

"இது எப்பவுமே இப்பிடித்தான் எரையுமா?"

"கடலுன்னா எரையாதாம்மா?" வெளியூர் ஆட்கள் கேட்கிற கேள்விக்கு அளவே இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

"இங்க நின்னா சூரியன் கடலுக்குள்ள எறங்கறது தெரியும்னு புஸ்தகத்துல இருக்கே?"

"எங்க எறங்குது? நம்ம கடல்ல சூரியன் வரும். போறது அந்தாண்ட, சிதம்பரம் பக்கம். சிந்துஜாவும் இதேதான் கேட்டுச்சு. 'அவரு ஒலகம் பூரா கப்பல்ல சுத்துனவரு, தப்பா எழுதுவாரா'ன்னு நாந்தான் அதட்டுனேன்."

பட்டம்மாள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"மிச்சமிருக்கறது ஒண்ணுதான் தம்பி. அந்தச் சங்கு பொறுக்கற குப்பம்."

பக்கிரி சாவியைத் திருகி என்ஜினை நிறுத்தினான்.

"அங்க வேணாம்மா. சுனாமிக்கப்புறம் அங்க யாரும் இல்ல. ரெண்டு கிலோமீட்டர் உள்ள தள்ளி வீடு கட்டிக் குடுத்துட்டாங்க. நானும் வலைய விட்டுட்டு இந்த ஆட்டோவப் புடிச்சிக்கிட்டேன். அப்பலேருந்து அந்த மண்ண மிதிக்கல."

"அதப் பாக்கத்தாம்ப்பா இவ்ளோ தூரம் வந்தேன்."

அவள் குரல் அப்படிக் கெஞ்சியது. தாயாரைப் போன்றவளிடம் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

குப்பம் இருந்த இடத்தில் நான்கைந்து குட்டிச்சுவர்களும் புதிதாக நட்ட சவுக்குக் கன்றுகளும் இருந்தன. பட்டம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்கு அருகில் போய் நின்றாள். பக்கிரி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவனாகத்தான் ஆரம்பித்தான்.

"கடல் வருஷத்துல ஒரு நாள் கதவத் தொறக்கும், பயப்படாம உள்ள ஓடுற புள்ளைங்களுக்குச் சங்கு குடுக்கும்னு இருக்குல்ல? அன்னிக்குக் காலைல கடல் உள்ள போச்சும்மா. தர தெரியுது, மீனு துள்ளுது. பெரியவங்களே வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறோம். 'அப்பா, கதவு தொறந்துடுச்சு'ன்னு கத்திக்கிட்டே ஓடிச்சு சிந்துஜா. அது பின்னாடியே நாலு புள்ளைங்க."

மூக்கைச் சிந்தி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டான்.

"திரும்பி வான்னு கூப்புட எனக்குத் தோணலம்மா. கத தெரிஞ்சவன்தான நானும்? சிரிச்சிக்கிட்டு நின்னேன்."

பட்டம்மாள் இன்னும் திரும்பவில்லை. அலை வந்து அவள் புடவைக் கரையை நனைத்துவிட்டுப் போனது.

"தாத்தா இருந்தா அடிக்கவோ திட்டவோ மாட்டேன். 'கடல் கதவு தொறந்தத நீ ஒங் கண்ணால பாத்துத்தான் எழுதுனியா?' அவ்ளோதான் கேப்பேன். ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். எம் பொண்ணு ஒரு நெசத்த நம்பிப் போச்சுன்னு கெடந்துடுவேன். கண்ட பொய்ய நம்பிப் போச்சுன்னா எனக்கு ஆறாதும்மா."

அவள் திரும்பி அவனிடம் வந்தாள். புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து நீட்டினாள். பக்கிரிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மூலையில் கலர் பென்சிலால் வரைந்திருந்த சூரியனை அடையாளம் தெரிந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன அன்று, சிதம்பரத்தில் அவனே தன் கையால் பெட்டியில் போட்ட கார்டு அது.

"புஸ்தகக் கம்பெனியில எங்கயோ கெடந்துட்டு, போன மாசந்தான் என் கைக்கு வந்தது. 'எங்க ஊர்ல சூரியன் கடல்லேருந்துதான் வருது தாத்தா, ஒரு தடவ வந்து பாருங்க'ன்னு எழுதியிருக்கா."

"ஒங்க கைக்கு ஏம்மா வந்திச்சு?" என்றான் பக்கிரி.

பட்டம்மாள் அவன் காலடியில் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வாசப்படி தாண்ட விடாத புருஷனுக்குப் பயந்து, அடுப்படியில உக்காந்து ஆம்பளப் பேர்ல எழுதுனவ நாந்தான் தம்பி. கடல நான் இன்னிக்குத்தான் மொதமொதல்ல பாக்கறேன்."