செண்பகவடிவு மூட்டிய தீ

விமான நிலையம் தன் கரிப்புகைக் கணக்கை நேர்செய்வதற்காகச் சுற்றியிருந்த ஊர்களின் புகை உரிமையை வாங்கியிருந்தது; அந்த ஊர்களில் எதை எரிக்கவும் அதன் அனுமதி வேண்டும். அதனால் கணவர் முத்தையாவின் உடலை எரிப்பதற்கு அனுமதி கேட்டு செண்பகவடிவு நிலையத்தின் அலுவலகத்தில் வந்து நின்றாள்.

"இன்னைக்குக் கூடுதலா ரெண்டு விமானம் வருது. உங்க ஊருக்குப் புகை மிச்சமில்ல," என்றார் அதிகாரி தனஞ்செயன்.

"நேத்தும் இதத்தான சொன்னீய. பொணம் வீங்குது சார்."

"அப்போ புதைச்சிடுங்க."

"உங்க அப்பாவ எரிச்சீயளா, புதைச்சீயளா?"

அவர் கதவைக் காட்டினார்.

மதியம் ஊரார் பிணத்தைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஓடுபாதையின் வேலியோரம் சிதை அடுக்கினார்கள். செண்பகவடிவே தீ மூட்டினாள். காற்று புகையை ஓடுபாதை முழுக்கப் பரப்பியது. தரையிறங்க வந்த விமானம் மேலே எழும்பித் திரும்பிப் போனது.

தனஞ்செயன் ஓடிவந்தார். "இனி ஒரு மாசம் உங்க ஊர்ல ஒரு வீட்லயும் அடுப்பு எரியக்கூடாது."

அவள் சிதையைப் பார்த்தபடியே நின்றாள்.

அன்று மாலை அவள் வீட்டைத் தவிர ஊரில் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தானே சோறு கொண்டுவர வேண்டும்.