வயிற்றில் என்ன?

பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு பிடி அரிசி கம்பிவேலியைத் தாண்டினாலும் ஜெயில்தான். காட்டிலிருக்கும் துப்பாக்கிக்காரர்களுக்கு அது சோறாகிவிடுமாம். வேலைக்குப் போகும் பெண்களைச் சோதிக்கும் ஆக்னஸின் கை, பஞ்சாலை என்பவளின் வயிற்றில் பட்டதும் நின்றது.

"என்னக்கா, கல்லு மாதிரி இருக்கு? அரிசிதானே?"

பக்கத்தில் நின்ற பஞ்சாலையின் புருஷன் சன்னாசிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "புள்ள லா! எத்தனை வருஷம் கழிச்சு முனியாண்டி சாமி குடுத்தது!"

"கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே?"

"காமாலை அவளுக்குப் பழகின விருந்தாளி. வரும், போகும், திரும்ப வரும்."

ஆக்னஸ் நம்பவில்லை. "சீலைய அவுத்துக் காட்டச் சொல்லுங்க."

"வாசல்ல வச்சு எம்பொஞ்சாதி சீலைய அவுக்கணுமா? டாக்டர் பாக்கட்டும். அரிசி இருந்தா என்னைத் தூக்கி உள்ள போடுங்க!"

வாசலில் நின்ற போலீஸ் சார்ஜன் பந்தயத்தை ஏற்று, இருவரையும் ஆஸ்பத்திரிக்கு லாரியில் ஏற்றினார்.

பஞ்சாலையை உள்ளே படுக்கவைத்துப் பார்த்த டாக்டர் தனியாக வெளியே வந்தார்.

"அரிசி இல்லப்பா. புள்ளையும் இல்ல. ஈரல்ல புத்துக்கட்டி. திரும்பத் திரும்ப வந்த காமாலையாலகூட இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியல. ரொம்ப முத்திப்போச்சு, இனி வைத்தியம் இல்ல."

சார்ஜன் தொப்பியைக் கழற்றினார். "உம்மேல குத்தமில்ல சன்னாசி. வீட்டுக்குப் போலாம்."

சன்னாசி அவர் காலைக் கட்டிக்கொண்டான்.

"டாக்டர அரிசிதான்னு சொல்லச் சொல்லுங்க துவான், ஐயா! எத்தனை வருஷம்னாலும் நான் உள்ள இருக்கேன்!"